கடப்பாக் கல்லில் முட்டையிட்ட ரேம்

நேற்று மாலை தண்ணீர் மாற்றும்போது என் ரேம் மீன் குஞ்சுகளை டம்ளரில் ஒவ்வொன்றாகப் பிடித்து பக்கெட்டுக்கு மாற்றி எண்ணினேன். மொத்தம் 41. எட்டு வாரக் குஞ்சுகள். பெரியவை இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டன. கண்ணின் குறுக்கே இறங்கும் கறுப்புக் கோடு எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. ஒரு வருஷ முயற்சி இது. நான்கு முறை முட்டை வீணாகி, ஐந்தாவது முறை பிழைத்தவை. எங்கெங்கே தப்பு செய்தேன் என்பது நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நான் வளர்ப்பது கடைகளில் 'ஜெர்மன் ரேம்' என்று கேட்டால் தருகிற சாதாரண நீல ரேம் சிக்லிட். பூர்வீகம் வெனிசுலாவும் கொலம்பியாவும். ஓரினோக்கோ ஆற்றைச் சேர்ந்த லானோஸ் புல்வெளி நீர்நிலைகள். சூடான, மென்மையான (உப்பு குறைந்த), கொஞ்சம் புளிப்பான தண்ணீர். நான் இருப்பது தென்சென்னையில், போர்த் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், வரும் தெருவில். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்தப் பதிவு முழுக்க.

போன ஜூலையில் முதல் ஜோடியை வாங்கினேன். முழு வளர்ச்சி அடைந்தவை, பளபளவென்று இருந்தன. தொட்டி வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. போர்த் தண்ணீரை அப்படியே நிரப்பி விட்டேன். ஆண் ஒன்பதாம் நாள் போனது, பெண் பன்னிரண்டாம் நாள். "ரேம் ரொம்ப நாசூக்கான மீன் சார், தாங்காது" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். இப்போது நம்பவில்லை. ஓடிப் பழகாத தொட்டியில், 780 டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) தண்ணீரில், பயணக் களைப்போடு வந்த எந்த மீனும் தாங்காது. இன்னொன்றும் அப்புறம்தான் புரிந்தது. ரேமின் ஆயுளே இரண்டு மூன்று வருஷம். முழு வளர்ச்சி அடைந்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருப்பதை வாங்கினால், அதன் ஆயுளில் எவ்வளவு மிச்சம் என்று நமக்குத் தெரியாது. நிறத்துக்காக ஹார்மோன் கொடுத்து வளர்த்த ஆண்களும் விற்பனைக்கு வருவது உண்டு. அவற்றை வைத்துக் குஞ்சு எடுப்பது கஷ்டம்.

அதன்பிறகு அவசரப்படவில்லை. தொட்டி 24 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரம். மணல் போக 75 லிட்டர் பிடிக்கும். செலவு: தொட்டி 1,600 ரூபாய், 100 வாட் ஹீட்டர் 650, ஸ்பாஞ்ச் ஃபில்டர் 180, ஏர் பம்ப் 350, டி.டி.எஸ். மீட்டர் 400. இதில் மீட்டரைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும். மீன் கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா ஸ்பாஞ்சில் ஊறுவதற்காக நான்கு கப்பி மீன்களை மட்டும் விட்டு ஆறு வாரம் ஓட்டினேன்.

தண்ணீர்க் கணக்கு எளிது. போர்த் தண்ணீர் 780. சமையலறை ஆர்.ஓ.வில் வருவது 45. ஒரு பங்கு போருக்கு ஆறு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 150 வருகிறது. மீட்டரும் 148, 152 என்றுதான் காட்டியது. வாரத்துக்கு 28 லிட்டர் மாற்றுகிறேன்: நான்கு லிட்டர் போர், 24 லிட்டர் ஆர்.ஓ. முந்தின நாளே டிரம்மில் கலந்து, காற்றுக் குமிழி விடும் ஏர் கல் போட்டு ஓட விட்டுவிடுவேன். ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று அம்மாவுக்கு வருத்தம். "இதை ஏன்டா சாக்கடைக்கு விடுற, குழாயை இந்தப் பக்கம் திருப்பு" என்று பக்கெட்டை வைத்துவிட்டார். வாசல் தெளிக்கவும் கழுவித் துடைக்கவும் இப்போது அதுதான்.

தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 7.8லிருந்து இறங்குவதற்கு நாட்டு வாதாம் இலை. எங்கள் தெருமுனையிலேயே மரம் இருக்கிறது. தானாகப் பழுத்து உதிர்ந்த சிவப்பு இலைகளை மட்டும் பொறுக்கி, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, 75 லிட்டருக்கு மூன்று என்று போடுவேன். தண்ணீர் இளந்தேயிலை நிறத்துக்கு வரும். போர்த் தண்ணீரில் எத்தனை இலை போட்டாலும் பி.எச். அசையவில்லை, ஆர்.ஓ. கலந்த பிறகுதான் 6.6க்கு இறங்கியது. இலைக்கும் வழிவிட வேண்டும் தண்ணீர்.

அக்டோபரில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் ஆறு இளசுகளை வாங்கினேன், ஒன்று 120 ரூபாய். எல்லாம் மூன்று சென்டிமீட்டர் இருக்கும். ஜோடி என்று கடையில் சேர்த்துக் கொடுப்பதைவிட, ஐந்தாறு குட்டிகளை ஒன்றாக வளர்த்து அவையே ஜோடி சேர விடுவது நல்லது. ஆண் பெண் வித்தியாசம் டிசம்பரில் தெளிவானது. பெண்ணுக்கு வயிற்றில் ரோஜா நிறம் ஏறும். உடம்பின் நடுவிலுள்ள கறுப்புப் புள்ளிக்குள்ளும் நீலச் செதில்கள் மின்னும். ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன் கதிர்கள் நீண்டிருக்கும்.

தீனியில் ஒரு தப்பு செய்தேன். கடையில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை வாங்கிவந்து போட்டேன். பாய்ந்து தின்றன. மூன்று வாரத்தில் ஒன்று ஒதுங்கி நின்றது. வெள்ளை நூல்போல மலம், வயிறு உள்ளே ஒட்டிப்போனது. அந்தப் புழு பெரும்பாலும் சாக்கடை ஓரச் சேற்றில் எடுப்பது. குடல் கிருமிக்கான மெட்ரோனிடசோல் 200 மில்லிகிராம் மாத்திரையை 30 லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் தூளாக்கிக் கரைத்தேன். நலிந்திருந்த ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற ஐந்துக்கும் எதுவும் வரவில்லை. அதோடு டியூபிஃபெக்ஸை விட்டேன். இப்போது காலையில் நுண்ணிய குருணைத் தீனி, மாலையில் உறைந்த ரத்தப்புழு அல்லது ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால். ரத்தப்புழுக் கட்டியை அப்படியே போடாமல், டீ வடிகட்டியில் வைத்துக் கரைத்து, சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை பட்டினி. ரேம் தரையில் மேயும் மீன். மேலே மிதக்கும் தீனிக்கு ஏறி வரத் தயங்கும். மணலைக் கவ்விச் சலித்து செவுள் வழியே உதிர்ப்பதை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதனால் கல் பரப்பாமல் சலித்த நைஸ் மணல்தான் போட்டேன், ஒன்றரை அங்குலம்.

இனி கல் விஷயம். முட்டையிட இவற்றுக்குத் தட்டையான பரப்பு வேண்டும். வீட்டில் அலமாரித் தட்டு மாற்றியபோது மிஞ்சிய கடப்பாக் கல் துண்டுகள் இருந்தன. கறுப்பாக, வழவழவென்று, ரேமின் நிறத்துக்குப் பின்னால் அவ்வளவு அழகாக இருந்தது. மூன்றை எடுத்து ஒன்றைப் படுக்க வைத்து, இரண்டைச் சாய்த்து நிறுத்தினேன்.

ஜனவரியில் முதல் முட்டை. இரண்டு நாளாக இரண்டும் அந்தக் கல்லைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. பெண்ணுக்குக் கீழே சிறு குழல் நீண்டிருந்தது. சாயந்திரம் அது கல்லோடு வயிற்றை ஒட்டி ஊர்ந்து போக, பின்னாலேயே ஆண் ஊர்ந்தது. ஒரு மணி நேரத்தில் கடுகைவிடச் சிறிய, தேன் நிற முட்டைகள் வரிசை வரிசையாக. போட்டோ எடுத்து எண்ணியதில் 150க்குப் பக்கம். மறுநாள் இரவுக்குள் எல்லாம் பால் வெள்ளையாகிவிட்டன. இளம் ஜோடிக்கு முதல் தடவை இப்படி ஆவது வழக்கம் என்பதால் பொறுத்தேன். மூன்று வாரம் கழித்து இரண்டாவது முறை. இருபதைத் தவிர மற்றவை வெள்ளை; அந்த இருபதையும் அவையே தின்றுவிட்டன.

அன்றைக்கு மீட்டரைத் தொட்டியில் முக்கினேன். 214. நான் ஊற்றுவது 150. பி.எச். 7.4. ஆவியாவதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் சேர்க்கிறேன், பிறகு எங்கிருந்து ஏறுகிறது? மணலைச் சந்தேகித்தேன், இலையைச் சந்தேகித்தேன். கடைசியில் ஐந்து பக்கெட்டில் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, ஒன்றில் மணல், ஒன்றில் இலை, ஒன்றில் கடப்பாக் கல், ஒன்றில் அலங்கார மரக்கட்டை என்று போட்டேன். ஐந்தாவது சும்மா. நான்கு நாள் கழித்து மணல் 49, சும்மா வைத்தது 46, கல் 88. பாத்ரூம் கழுவும் ஆசிடில் ஒரு சொட்டைக் கல்லின் உடைந்த விளிம்பில் விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. நான் ஆறு பங்கு ஆர்.ஓ. கலந்து குறைத்த சுண்ணாம்பை, அந்த மூன்று கல்லும் ராப்பகலாகத் திரும்பக் கரைத்துக்கொண்டிருந்தன. முட்டை பொரியாமல் போனதற்கு இளம் ஜோடியை மட்டும் காரணம் சொல்லியிருந்தால் இன்னும் அதே இடத்தில்தான் நின்றிருப்பேன்.

மறுநாளே கிரானைட் பட்டறைக்குப் போனேன். "அண்ணே, உள்ளங்கை அளவுக்குத் துண்டு கிடைக்குமா? கிரானைட்தான் வேணும், கடப்பா வேண்டாம்" என்றேன். "எதுக்கு சார், மசாலா நசுக்கவா?" என்று கேட்டுக்கொண்டே குப்பையிலிருந்து நான்கு பொறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மீன் முட்டையிடுவதற்கு என்றதும், கையைக் கிழிக்காதபடி ஓரத்தை மெஷினில் உரசியும் கொடுத்தார். நான்கிலும் ஆசிட் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் நுரைக்கவில்லை. நன்றாகக் கழுவித் தொட்டியில் வைத்தேன். இரண்டு வாரத்தில் பி.எச். 6.6க்குத் திரும்பியது.

பிப்ரவரி கடைசியில் மூன்றாவது முட்டை, கிரானைட் மேல். இரண்டாம் நாள் காலையில் எண்ணிப் பார்த்தேன், வெள்ளை பத்துகூட இல்லை. முட்டைக்குள் கறுப்பாகப் புள்ளி தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் கல் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. ரேம் தன் முட்டையைத் தானே தின்னும் என்று எல்லாரும் சொல்வதால் அந்த ஜோடியின் மேல்தான் கோபம் வந்தது. அடுத்த சில இரவுகள் டார்ச்சின் மேல் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு மணிக்கு, டேங்க் க்ளீனர் என்று விற்கும் உறிஞ்சு மீன் அந்தக் கிரானைட்டின் மேல் படுத்து நக்கிக்கொண்டிருந்தது. இருட்டில் ரேமுக்குக் கண் தெரியாது. ஒரு மூலையில் வெளிறிப்போய் நின்றன. பாசி தின்னட்டும் என்று நான் விட்டது அது. ஜோடி பாவம்.

ஆகவே ஜோடிக்குத் தனித் தொட்டி. 18 அங்குலம், 12, 12. விலை 750. ஒன்பது அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் 32 லிட்டர். இதற்கு இன்னும் மென்மையாக, இரண்டு லிட்டர் போருக்கு 30 லிட்டர் ஆர்.ஓ. கலந்தேன். டி.டி.எஸ். 91, பி.எச். 6.2. பெரிய தொட்டியில் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஒன்றை அப்படியே தூக்கி வைத்தேன். நான்கு பக்கமும் பேப்பர் ஒட்டி, முன்னால் மட்டும் கை அகலத்துக்கு விட்டேன். மற்ற மூன்று ரேமையும் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச்சில் நான்காவது முட்டை. இரண்டாவது முறைபோல ஜோடியே தின்றுவிடுமோ என்ற பயத்தில் கல்லைத் தூக்கி, ஐந்து லிட்டர் டப்பாவில் அதே தண்ணீரில் வைத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் ப்ளூ மருந்தை வெளிர் நீலம் வரும்வரை சொட்டுவிட்டு, ஏர் கல்லைப் பக்கத்தில் மெதுவாக ஓடவிட்டேன். 28 டிகிரியில் மூன்றாம் நாள் காலை பொரிந்தது. நூற்றுக்கு மேல் இருக்கும். வாலை மட்டும் துடித்துக்கொண்டு, மேகம்போல அடியில் கிடந்தன. ஒரு வாரம் முடியும்போது நீந்தத் தொடங்கின. அன்றைக்குத்தான் ஆர்ட்டீமியா முட்டையைப் பாட்டிலில் போட்டேன். அது பொரிய ஒரு நாள். பொரிந்து வந்ததும் குஞ்சுகளில் பாதிக்கு வாய்க்குப் பெரிதாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு மணிபோலத் தெரியும். அப்படி நான் எண்ணியது எட்டோ ஒன்பதோ. மற்றவை கண்ணாடிபோல இருந்தன. நான்கு நாளில் டப்பா காலி. நான்கு தோல்வியிலும் இதுதான் எனக்கு மிகவும் வலித்தது, ஏனென்றால் இந்த முறை மீனும் தண்ணீரும் கல்லும் சரியாக இருந்தன. பசிக்கு நேரத்தில் கொடுக்காதது நான்.

ஐந்தாவது முறைக்கு முன்பாகவே தீனியைத் தயார் செய்தேன். நண்பரிடம் ஒரு ஸ்பூன் மைக்ரோவார்ம் என்ற நுண்புழு வாங்கிவந்தேன். ஓட்ஸைக் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, புழுவை விட்டு மூடியில் ஊசித்துளை போட்டால், ஐந்து நாளில் டப்பாவின் சுவரில் பளபளவென்று ஏறி நிற்கும். விரலால் வழித்து எடுத்தால் போதும். ஆர்ட்டீமியாவுக்கு இரண்டு லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலின் அடியை வெட்டி, தலைகீழாக நிறுத்தி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு, அரை ஸ்பூன் முட்டை, கீழ்வரை ஏர் குழாய். சென்னை வெயிலில் 20 மணி நேரத்தில் பொரிந்துவிடுகிறது. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, கீழே டார்ச் அடித்தால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே ஆரஞ்சாகக் கூடும். அதைத் துணியில் வடித்து நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும்.

ஏப்ரலில் ஒரு வியாழன் மாலை முட்டையிட்டன. தண்ணீர் 30 டிகிரி, ஹீட்டர் தேவைப்படவில்லை. கல்லை நான் தொடவில்லை. ராத்திரி முழுக்க தொட்டிக்குப் பக்கத்தில் ஜீரோ வாட் பல்பு எரியவிட்டேன். பெண் கல்லின் மேலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. ஆண் சுற்றி வந்தது. வெள்ளையான முட்டையை மட்டும் பொறுக்கித் தின்றது. சனிக்கிழமை மாலை பொரிந்தவுடன் இரண்டும் சேர்ந்து குஞ்சுகளை வாயில் அள்ளி, மணலில் முன்பே தோண்டி வைத்திருந்த குழியில் துப்பின. மறுநாள் வேறொரு குழி. அதற்கு மறுநாள் இன்னொன்று.

அடுத்த வியாழன் காலை கூட்டம் எழும்பியது. மணலுக்கு ஒரு அங்குலம் மேலே, தூசிபோல. உடனே மைக்ரோவார்ம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. மூன்றாம் நாளிலிருந்து ஆர்ட்டீமியாவும் சேர்த்து. அன்று மதியமே வயிறுகள் ஆரஞ்சு. அந்தச் சாயந்திரம் ஒரு குஞ்சு கூட்டத்தை விட்டு ஸ்பாஞ்ச் பக்கம் போனது. ஆண் மெதுவாகப் பின்னால் போய் அதை வாயில் எடுத்தது. தின்றுவிட்டது என்றே நினைத்தேன். நேராகக் கூட்டத்தின் நடுவே வந்து, தாடையை இரண்டு தரம் அசைத்து, வெளியே விட்டது. குஞ்சு ஒன்றும் ஆகாமல் நீந்தியது. தொட்டி மீனுக்குக் குஞ்சு வளர்க்கத் தெரியாது என்று இனி யார் சொன்னாலும் இதைச் சொல்வேன்.

பதினாலாம் நாள் ஆணுக்கு மறுபடி முட்டை ஆசை வந்து கல்லைக் கொத்தத் தொடங்கியது, பெண்ணையும் குஞ்சுகளையும் விரட்டியது. ஜோடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். டேங்க் க்ளீனரை அதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. அப்போது குஞ்சுகள் எழுபதுக்குப் பக்கம். தினமும் மூன்று லிட்டர் எடுத்துவிட்டு, ஏர் குழாயில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் இறங்கவிட்டேன். ஒரே ஒரு நாள், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மூன்று லிட்டரையும் ஜக்கில் அப்படியே ஊற்றினேன். சாயந்திரம் வந்து பார்த்தால் பதினெட்டு அடியில் கிடந்தன. மற்ற நாட்களில் ஒன்றிரண்டாகப் போனவை போக 41.

அடுத்த முறை கல்லில் முட்டை பார்த்த அன்றே மைக்ரோவார்மில் இரண்டு டப்பா போடுவேன், ஒன்று புளித்துப்போனாலும் இன்னொன்று இருக்கும். ஆர்ட்டீமியாவையும் நீந்துவதற்கு முந்தின நாளே பொரிய வைத்து, மிகச் சிறியவற்றை முதலில் கொடுப்பேன். 18 அங்குலத் தொட்டி குஞ்சுக்குப் போதும், ஜோடியோடு சேர்த்தால் நெருக்கடி. 24 அங்குலமாக எடுத்து நடுவில் வலை வைக்கிற மாதிரி செய்வேன். ஜக்கைக் கையில் எடுக்கவே மாட்டேன். தொட்டிக்குள் போகிற கல், மணல், ஓடு எதுவானாலும் முதலில் ஒரு சொட்டு ஆசிட், பிறகு நான்கு நாள் பக்கெட்டில்.

கடப்பாக் கல் மூன்றையும் மொட்டை மாடியில் துளசித் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெயிலில் காய்ந்த பின்பும், முதல் முட்டை ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு தெரிகிறது.